பட்டாம்பூச்சி மேல் எஃப்.ஐ.ஆர்.

போன வருடம் ஐப்பசியில் ஓர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே இருக்கிற அத்தனை பேரும் "நான் இல்லைங்க, பக்கத்து செக்‌ஷன்" என்பார்கள். பேசியவர் பண்பானவர். நாலு வார்த்தைக்கு ஒரு 'மேடம்' போட்டார்.

"மேடம், அந்த கேயாஸ் தியரி ஆராய்ச்சி பண்றது நீங்கதானே மேடம்?"

"ஆமாம் சார்."

"ஒண்ணும் இல்ல மேடம். வெள்ளம் சம்பந்தமா ஒரு ரிப்போர்ட் ரெடியாயிட்டிருக்கு. அதுல அந்தப் பட்டாம்பூச்சி மேட்டரை ரெண்டு பாரா எழுதிக் குடுத்தீங்கன்னா ஒரு வெயிட் இருக்கும். அதாவது, எங்கேயோ பட்டாம்பூச்சி சிறகடிச்சா இங்கே மழை கொட்டும், யாராலயும் முன்கூட்டியே சொல்ல முடியாது, சயின்ஸே அப்படித்தான் சொல்லுதுங்கிற மாதிரி."

எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டும். ஏரிக்குப் பட்டா போட்டவரைக் காட்ட முடியாது. வாய்க்காலை மூடித் தார் ஊற்றியவரைக் காட்ட முடியாது. கையெழுத்துப் போட்ட அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது கிளறினால் பாவம், பென்ஷனில் கை வைத்ததாகும். பட்டாம்பூச்சி அப்படியா? அதற்கு வக்கீல் இல்லை, வாக்காளர் அட்டை இல்லை, சாதிச் சங்கம் இல்லை. குடியிருப்பதோ பிரேசில். சம்மன் போய்ச் சேரவே அடுத்த தேர்தல் வந்துவிடும்.

குற்றம் சாட்டப்பட்ட ஜீவனின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1961ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லொரென்ஸ் என்பவர், மேசை அளவுக் கணிப்பொறி ஒன்றில் பன்னிரண்டு மாறிகள் மட்டுமே கொண்ட ஒரு பொம்மை வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பார்க்க ஆசைப்பட்டு, முன்பு அச்சான தாளில் இருந்த எண்களை அப்படியே தட்டிக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். வந்து பார்த்தால், அதே சமன்பாடு, அதே மெஷின், ஆனால் வேறு வானிலை. மெஷின் பழுது என்றுதான் முதலில் நினைத்தார். பழுது அங்கே இல்லை. மெஷினுக்குள் இருந்த எண் 0.506127. தாளில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக அச்சானது 0.506. விட்டுப்போனது ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் தூசுதான் போகப்போக மலையாகி, முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவது ஓட்டத்துக்கும் ஒட்டுறவே இல்லாமல் ஆக்கியது.

1963ல் இதை மூன்றே சமன்பாடுகளில் அடக்கி ஒரு கட்டுரை எழுதினார். அதற்கான கணக்குகளைக் கணிப்பொறியில் போட்டுப் படங்களையும் தயாரித்தவர் எலன் ஃபெட்டர் என்ற இளம்பெண். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் மார்கரெட் ஹாமில்டன். பின்னாளில் அப்போலோ விண்கலத்துக்கான மென்பொருள் குழுவுக்குத் தலைமை ஏற்றவர். எலன் ஃபெட்டருக்குக் கட்டுரையின் கடைசியில் ஒரு நன்றி. (நான் ராப்பகலாகக் கோட் எழுதிய முதல் கட்டுரையில் எனக்குக் கிடைத்ததும் அதே இடம்தான். அறுபது வருடத்தில் பருவநிலையே மாறிவிட்டது, இந்தப் பழக்கம் மாறவில்லை.)

பட்டாம்பூச்சி வந்தது 1972ல். வாஷிங்டனில் லொரென்ஸ் பேச வேண்டிய கூட்டத்துக்கு அவர் தலைப்புக் கொடுக்கவில்லை. கூட்டத்தை நடத்திய பிலிப் மெரிலீஸ் தானே ஒன்றை வைத்தார்: பிரேசிலில் ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சுழற்காற்று கிளம்புமா? கடைசியில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது, கவனியுங்கள். கிளம்பும் என்று லொரென்ஸ் சொல்லவில்லை. ஒரு சிறகடிப்பு சுழற்காற்றைக் கிளப்பும் என்றால், கிளம்ப வேண்டியதைத் தடுக்கவும் அதே சிறகடிப்பால் முடியும்தானே என்றார். உலகம் அந்தக் கேள்விக்குறியைக் கழற்றி வீசிவிட்டுப் பூச்சியை மட்டும் பிடித்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் இந்த வழக்குக்கு இருக்கும் ஒரே ஆவணம் கமலின் 'தசாவதாரம்' படம். 2008 ஏப்ரலில் லொரென்ஸ் இறந்தார், ஜூனில் படம் வந்தது. மனிதர் கொடுத்துவைத்தவர். படம் முடியும்போது சுனாமி வருகிறது. சுனாமியைக் கிளப்புவது கடலடி நிலநடுக்கம். அதில் மேகத்துக்கும் பங்கில்லை, பூச்சிக்கும் பங்கில்லை. இதை ஒரு கல்யாணப் பந்தியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் நான் 'கமலுக்கே பாடம் எடுத்த பொண்ணு'.

அதே பந்தியில்தான் சித்தப்பா கேட்டார். "ஏம்மா, நாளைக்கு ரிசப்ஷன் மொட்டை மாடியில. மழை வருமா?"

"நாற்பது சதவீதம் வாய்ப்பு இருக்கு சித்தப்பா."

"வருமா வராதா, அதைச் சொல்லு."

"பத்து நாள் இதே மாதிரி வானம் இருந்தா அதுல நாலு நாள் வரும்."

"எனக்கு ரிசப்ஷன் ஒரு நாள்தாம்மா."

வந்தது. பிரியாணி அண்டாவில் தண்ணீர் இறங்கியது. சித்தப்பா இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் வீட்டுப் பஞ்சாங்கத்தோடு பேச்சுவார்த்தை தொடர்கிறது. அதில் இந்த வருடம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, பூமிக்கு இத்தனை என்று சித்திரை பிறக்கும்போதே பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறார்கள். தப்பினால் பஞ்சாங்கத்துக்கு யாரும் கண்டனக் கடிதம் எழுதுவதில்லை. சதவீதம் சொன்னவள்தான் ஏமாற்றுக்காரி.

கேயாஸ் என்றால் தலைகால் புரியாத குழப்பம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் ஒவ்வொரு அடியும் விதிப்படி நடக்கும். தொடக்கத்தை முழுத் துல்லியமாக அளக்க முடியாததால் நம் கணக்கு மெல்ல மெல்ல நிஜத்தைவிட்டு விலகும். எவ்வளவு நாளில் விலகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது: நாள்வாரி வானிலைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். சென்னைக்கு மேலே திடீரென்று திரளும் இடிமேகத்துக்குச் சில மணி நேரம்தான். எவ்வளவு தூரம் பொய் சொல்லாமல் சொல்லலாம் என்று கண்டுபிடிப்பது என் தொழில். இந்த நாட்டில் அதற்கு வேலைவாய்ப்பு எப்படி இருக்கும் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம், சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்படாது.

நாங்கள் ஒரு வானிலை மாதிரியை ஒருமுறை ஓட்டி நிறுத்துவதில்லை. தொடக்க எண்களைத் துளித்துளி மாற்றிப் பலமுறை ஓட்டுவோம். ஐரோப்பிய வானிலை மையம் 1992 முதல் இப்படிச் செய்கிறது. இன்று ஒவ்வொரு தடவையும் 51 ஓட்டம். நாற்பது ஓட்டங்கள் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பிக்கை அதிகம், ஆளுக்கொரு திசையில் போனால் குறைவு. போன கார்த்திகையில் ஒரு சேனலில் இதை விளக்கக் கூப்பிட்டார்கள். 51ல் ஒன்று மட்டும் சென்னையில் 40 செ.மீ. காட்டியது, மற்ற ஐம்பதில் அப்படி எதுவும் இல்லை என்றேன். "அப்போ 40 செ.மீ.க்கு வாய்ப்பே இல்லைன்னு உங்களால அடிச்சுச் சொல்ல முடியுமா?" என்றார் நெறியாளர். அடிச்சுச் சொல்ல முடியாது, அதுதான் விஷயமே என்றேன். நான் மைக்கைக் கழற்றுவதற்குள் கீழே ஓடத் தொடங்கியது: 'சென்னைக்கு 40 செ.மீ. மழை? மறுக்காத ஆய்வாளர்!' லொரென்ஸிடமிருந்து பறித்த கேள்விக்குறியை இத்தனை வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், தப்பான இடத்தில்.

முன்னறிவிப்பை ஒழுங்காகப் படிக்கிற ஒரே கூட்டம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். வானம் எத்தனை செ.மீ. கொட்டும் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. கலெக்டர் லீவு விடுவாரா, மாட்டாரா, அவ்வளவுதான் கேள்வி. தகவலை முடிவாக மாற்றத் தெரிந்தவர்கள். பெரியவர்கள் ஆனதும் மறந்துவிடுகிறார்கள்.

என் பிழைப்பையும் சொல்ல வேண்டும். காகிதத்தில் என் ஃபெலோஷிப் மாதம் 42,000 ரூபாய், 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட தொகை. கையில் வருவது மாதாமாதம் இல்லை. ஐந்து மாதம் மௌனம், பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று மாதப் பணம் மொத்தமாக வரும், மறுபடி மௌனம். வறட்சி, வெள்ளம், வறட்சி. கேட்டால் "யு.சி. போகலைம்மா" என்பார்கள். போன பணத்தைச் செலவழித்த சான்றிதழ் வந்தால்தான் அடுத்த பணம் வரும். அடுத்த பணம் வந்தால்தான் அந்தச் சான்றிதழை டைப் அடிக்கிற தற்காலிக ஊழியருக்குச் சம்பளம். இதை கேயாஸ் என்று சொல்லி அந்த அழகான கோட்பாட்டை நான் கேவலப்படுத்த மாட்டேன். கேயாஸில் விதி இருக்கிறது.

2024 செப்டம்பரில் வானிலைக்காக அர்கா, அருணிகா என்று இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் 850 கோடி ரூபாயில் வந்தன. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். அவை என் பக்கத்து வீட்டில் இல்லை. எனக்கு வாய்த்திருப்பது எங்கள் கல்விக்கூடத்தின் பழைய கிளஸ்டர். அதில் என் வேலை வரிசையில் நிற்கும். நான் ஓட்டும் 'நாளைய வானிலை' சராசரியாக நாலு நாள் கழித்து வருகிறது. 1950ல் எனியாக் என்ற ஆதிகாலத்து மெஷினில் 24 மணி நேர முன்னறிவிப்பைக் கணக்கிட ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது. முக்கால் நூற்றாண்டு முன்னேற்றத்தை இப்படிக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு? பழுதான ஒரு ஹார்ட் டிஸ்க் மாற்ற ஜெம் என்ற அரசுக் கொள்முதல் போர்ட்டலில் போட்ட கோரிக்கை ஒரு தென்மேற்குப் பருவத்தையும் ஒரு வடகிழக்கையும் பார்த்துவிட்டது.

இதெல்லாம் சிரித்துக் கடந்துவிடக்கூடியவை. கடக்க முடியாதது வேறு.

2021 டிசம்பர் 30. பகலில் சென்னையில் பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லை. மதியத்துக்கு மேல் பிடித்த மழை, எம்.ஆர்.சி. நகரில் 20 செ.மீ.யைத் தொட்டது. மாதிரிகள் கோட்டைவிட்டுவிட்டன என்று வானிலைத் துறை வெளிப்படையாகவே சொன்னது. சொல்லியிருக்கவும் வேண்டும். அடுத்து முதல்வரிடமிருந்து ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் போனது: முன்கூட்டியே சொல்லும் திறனை மேம்படுத்துங்கள். நியாயமான கடிதம். அந்தக் கடிதத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன நம்பிக்கைதான் எனக்கு உறுத்துகிறது. ஆறு மணி நேரம் முன்னால் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம்? சாலை உயர்ந்திருக்குமா, வாய்க்கால் பிறந்திருக்குமா?

2023 டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. அந்த மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அடித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கானோர் நாற்புறமும் தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வடிந்தும் வடியாமலும் இருக்கும்போதே தலைநகரங்களில் விவாதம் சூடு பிடித்தது: 12ஆம் தேதியே சொன்னோம் என்றது ஒரு தரப்பு, சொன்ன அளவு வேறு, கொட்டிய அளவு வேறு என்றது மறு தரப்பு. இரண்டு பக்கமும் எங்கள் வரைபடங்களை ஆட்டிக் காட்டினார்கள். என் துறைக்கு இவ்வளவு விளம்பரம் அதற்கு முன் கிடைத்ததில்லை.

இப்போது 2015க்கு வருகிறேன். அப்போது நான் பி.எஸ்சி. முதல் வருடம். எங்கள் வீடு சென்னையின் தெற்கு விளிம்பில் ஒரு 'நகர்'. தெருவின் பெயர் ஏரிக்கரை மூன்றாவது குறுக்குத் தெரு. ஒரு கரைக்கு எத்தனை குறுக்குத் தெரு இருக்க முடியும், அதெல்லாம் எதற்குள் இருக்கும் என்று அப்பா மனை வாங்கிய அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களும் கேட்கவில்லை. அனுமதிக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் எல்லாம் ரசீதோடு வாங்கிக்கொண்டார்கள். டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரம் பக்கம் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47. தண்ணீர் வாசலில் தயங்கியது என்றெல்லாம் கதை விடமாட்டேன். தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறவர்போல் நேராக உள்ளே வந்தது. ஃப்ரிட்ஜ் மிதந்து போய்ச் சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டது. மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு இரண்டு இரவு. இதை முன்கூட்டியே சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

கற்றுக்கொண்டேன். கற்றதில் தெரிந்தது இதுதான்: மேலே இருப்பது கேயாஸ், ஒப்புக்கொள்கிறேன். கீழே இருப்பதில் கேயாஸ் ஒன்றுமே இல்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போகும். 51 முறை ஓட்டினாலும் 51 முறையும் அதே பள்ளத்துக்குத்தான் போகும். ஒரு பட்டாம்பூச்சி அல்ல, அமேசான் காட்டில் இருக்கிற அத்தனை பட்டாம்பூச்சியும் சேர்ந்து சிறகடித்தாலும் எங்கள் மூன்றாவது குறுக்குத் தெரு ஓர் அங்குலம் உயராது. மழை வருமா என்பதற்கு இரண்டு வாரம்தான் எல்லை. வந்தால் எங்கே நிற்கும் என்பதை ஐம்பது வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்; பழைய நிலவரைபடத்தில் நீல நிறத்தில் போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு எனக்கு இதுவரை ஒரு போன் வந்ததில்லை.

1792லேயே வானாய்வகம் கட்டிய ஊர் சென்னை. அந்தக் காலத்துக் கல்தூண், தமிழிலும் எழுத்துப் பொறித்தது, நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்தில் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் 'லேக் ஏரியா' என்றே ஒரு பகுதி. ஏரி மட்டும் காணோம். வள்ளுவர் கோட்டம் நிற்பது ஏரி நிலத்தில். மாம்பலத்து நீண்ட ஏரியை வற்றடித்து 1920களில் தி.நகர் போட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022ல் ராம்சார் பட்டம் சூட்டினோம். அதே சதுப்பில்தான் பெருங்குடிக் குப்பைமேடு வளர்ந்தது. இருநூறு வருடமாக மழையைத் துளித்துளியாக அளந்துவரும் ஊர் இது. ஏரியை மட்டும் சதுர அடியில் அளந்தது. 2015 வெள்ளம் மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று 2018ல் சட்டமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையே சொல்லிவிட்டது. அப்புறம் என்ன? அறிக்கை வைத்தாயிற்று. வைத்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த மரியாதையான அலுவலருக்கு இரண்டு பாரா கேட்ட இடத்தில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். லொரென்ஸ், இரண்டு வார எல்லை, எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது, கடைசி இரண்டு பக்கம் முழுக்க மேடு பள்ளம். வரைபடமும் வைத்தேன். ஐந்து மாதம் கழித்து அச்சான ரிப்போர்ட் வந்தது. வழவழப்பான தாள், அட்டையில் ஒரு பட்டாம்பூச்சி. என் நாலு பக்கத்தில் ஒரு வாக்கியம் உயிர் பிழைத்திருந்தது: 'வளிமண்டலம் முன்கணிக்க இயலாதது என்று அறிவியல் நிறுவியுள்ளது.' நான் எழுதியது, 'இரண்டு வாரத்துக்கு அப்பால்' என்று தொடங்கி, 'ஆனால் நீர் தேங்கும் இடங்களை' என்று தொடர்ந்த வாக்கியம். தலையையும் வாலையும் வெட்டிவிட்டார்கள். 0.506127, 0.506 ஆனதுபோல. லொரென்ஸுக்குத் தாளில் இடமில்லை. இவர்களுக்கு எண்பது பக்கம் இடம் இருந்தது.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்று ஓர் ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் தேதியின் வானிலையைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. நிஜத்தில் அன்று அழுத்தம் அசையவே இல்லை என்று சொல்லலாம். அபத்தமான தோல்வி. கையெழுத்துப் பிரதி போர்க்களத்தில் தொலைந்து, பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. வேறு யாராவது என்றால் அந்தக் கரியிலேயே விட்டிருப்பார்கள். அவர் 1922ல் அதைப் புத்தகமாகப் போட்டார், தப்பான விடையோடு, எங்கே தப்பியது என்ற விளக்கத்தோடு. இன்று உலகம் பார்க்கும் ஒவ்வொரு முன்னறிவிப்பும் அந்தத் தப்பின் பேரப்பிள்ளை. அவரை நம் கமிட்டி ஒன்றில் உறுப்பினராகப் போட்டிருந்தால் அந்த 145 என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 'எதிர்பாராத அழுத்தம்' என்று ஆகியிருக்கும்.

அலுவலருக்குப் போன் போட்டேன். "சார், வாக்கியத்தைப் பாதியில வெட்டியிருக்கீங்க."

"மேலிடத்துல சுருக்கச் சொன்னாங்க மேடம். ஆனா பாருங்க, உங்க பேரு கடைசிப் பக்கத்துல நன்றியில போட்டிருக்கோம்."

அந்தப் பணிக்கான மதிப்பூதியம் 1,500 ரூபாய் நேற்று வந்தது, பதினோரு மாதம் கழித்து. அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வானிலைச் செய்தி பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். புரட்டாசி முடிந்ததும் ஃப்ரிட்ஜைத் தூக்கிச் செங்கல் மேல் வைப்பார், பத்து வருடமாக. முதலில் ஓரடுக்கு, பின்னால் பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்பியதும் இரண்டடுக்கு. இந்த வருடம் தெருவுக்குப் புதுசாக சிமென்ட் சாலை போட்டு எங்கள் வாசலைவிட ஒன்றரை அடி உயர்த்திவிட்டார்கள். பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் மீன்பாடி வண்டியில் நூறு செங்கல் வந்து இறங்கியது.

"எதுக்குப்பா இவ்வளவு?"

"பீரோவையும் தூக்கணும்ல" என்றார்.